கரும்புச் சர்க்கரையைத் தின்ன ஓர் ஈஸ்ட்டுக்கு நூறு புரதங்கள் எதற்கு?

ரோஸ் ஹில்லில் எச்.எஸ்.சி. படிக்கும் ஒரு மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார்: "பாக்டீரியாவின் லாக் ஓபரான் (பால் சர்க்கரையை உடைக்கும் மரபணுத் தொகுதி) சுலபமாகப் புரிகிறது. அடக்கும் புரதம் விலகினால் மரபணு ஓடுகிறது. ஈஸ்ட்டுக்கு வந்தால் ஸ்விட்ச்-ஸ்னிஃப், சாகா, மீடியேட்டர் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாமே படியெடுத்தலுக்கு (மரபணுவை ஆர்என்ஏ நகலாக எடுப்பதற்கு) உதவும் என்றுதான் போட்டிருக்கிறது. ஒற்றைச் செல் உயிர் ஒன்றுக்கு இவ்வளவு எதற்கு? ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம்? இதில் எதையாவது வீட்டில் செய்து பார்க்க முடியுமா?"

பெயர்களை மனப்பாடம் செய்யப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். நானும் முதலில் அப்படித்தான் படித்துத் தடுமாறினேன். பிறகு ஈஸ்ட்டோடு சில வருடங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தபோது கண்டுகொண்ட வழி, ஒரே ஒரு மரபணுவைப் பிடித்துக்கொண்டு போவது. மொரிஷியஸில் இருக்கும் நமக்கு அதற்கு ஏற்ற மரபணு சக்-2. சுக்ரோஸ் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். சுக்ரோஸ் என்றால் வேறொன்றும் இல்லை, நம் கரும்புச் சர்க்கரைதான். ஜூனிலிருந்து டிசம்பர் வரை வெட்டுக் காலத்தில் லாரி லாரியாகக் கரும்பு போகிறதே, அந்தச் சாற்றில் இருக்கும் சர்க்கரை. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸிலும் அது நிறைய இருக்கும். அந்த மொலாசஸ் வடிசாலைக்குப் போய் ரம் ஆவதற்கு, ஈஸ்ட் முதலில் சுக்ரோஸை உடைத்தாக வேண்டும்.

உடைக்கும் நொதியின் பெயர் இன்வர்டேஸ். சக்-2 மரபணுதான் அதைச் செய்யச் சொல்லும் எழுத்து. இன்வர்டேஸ் ஒரு சுக்ரோஸ் மூலக்கூறை ஒரு குளுக்கோஸாகவும் ஒரு ஃபிரக்டோஸாகவும் பிரிக்கும். ஈஸ்ட் இந்த நொதியைச் செல்லுக்குள் வைத்துக்கொள்ளாமல் வெளியே தள்ளிச் செல் சுவரோரம் நிறுத்துகிறது. சர்க்கரை உடைவதும் வெளியேதான். உடைத்த சர்க்கரையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் உடைத்த செல்லுக்குக் கிடைக்கிறது, மீதி அக்கம்பக்கத்துச் செல்களுக்குப் போய்விடுகிறது என்று 2009-இல் அளந்து காட்டினார்கள். ஊருக்குச் சமைப்பது போன்ற செலவு இது. பக்கத்திலேயே குளுக்கோஸ் தயாராகக் கிடைக்கும்போது இந்த நொதியைச் செய்வது வீண். குளுக்கோஸ் இருந்தால் சக்-2 மூடியிருக்க வேண்டும், அது தீர்ந்துபோகும் நிலை வந்தால் சட்டென்று திறக்க வேண்டும். நீங்கள் கேட்கும் புரதக் கூட்டமைப்புகள் எல்லாம் இந்த ஒரு முடிவுக்காக வேலை செய்வதை வரிசையாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு அடிப்படை விஷயம். பாக்டீரியாவின் டிஎன்ஏ ஏறக்குறைய வெறுமனே கிடக்கிறது. அங்கே மரபணுவைப் படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் வந்து உட்காரத் தடை ஏதும் இல்லை என்பதுதான் சாதாரண நிலை, அடக்கும் புரதம்தான் விதிவிலக்கு. ஈஸ்ட்டில் நிலைமை தலைகீழ். அதன் மரபுத்தொகுதி சுமார் 1.2 கோடி எழுத்துகள், 16 குரோமோசோம்கள், ஏறக்குறைய 6,000 மரபணுக்கள். இழுத்து நீட்டினால் 4 மில்லிமீட்டர் வரும். அது இருக்க வேண்டிய உட்கருவோ 2 மைக்ரோமீட்டர் அகலம்தான், அதாவது நீளத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதனால் டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் சுற்றப்பட்டிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருளையில் 147 எழுத்து நீளம், ஒன்றேமுக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக. இதுதான் நியூக்ளியோசோம். நம் அம்மாமார் தையல் பெட்டியில் நூல்கண்டு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி கண்டுகள் வரிசையாக. சுற்றியிருக்கும் நூலின் உள்பக்கத்தை எந்தப் புரதமும் படிக்க முடியாது.

1988-இல் மின் ஹான், மைக்கேல் கிரன்ஸ்டைன் இருவரும் ஈஸ்ட்டில் ஒரு ஹிஸ்டோனின் உற்பத்தியை நிறுத்திப் பார்த்தார்கள். கண்டுகள் குறைந்ததும், மூடியிருக்க வேண்டிய சில மரபணுக்கள் யாரும் தூண்டாமலே ஓட ஆரம்பித்தன. நியூக்ளியோசோம் வெறும் மூட்டை கட்டும் சாதனம் அல்ல, அதுவே ஒரு பூட்டு என்று அதிலிருந்து தெரிந்தது. பாடப்புத்தகத்தில் இது ஒரு வரியில் போய்விடுகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பாதி இந்தச் சோதனையில்தான் இருக்கிறது.

சரி, சக்-2 மூடியிருக்கும் நிலையிலிருந்து ஆரம்பிப்போம். குளுக்கோஸ் நிறைய இருக்கும்போது மிக்-1 என்ற புரதம் சக்-2-க்கு முன்னால் இருக்கும் புரோமோட்டர் பகுதியில் உட்கார்ந்திருக்கும். டிஎன்ஏயைப் பிடிக்க மிக்-1-க்குத் தெரியும், ஆனால் தனியாக எதையும் அடக்கத் தெரியாது. அது கூட்டி வரும் கூட்டமைப்புதான் வேலையைச் செய்கிறது: ஒரு சைக்-8, நான்கு டப்-1 சேர்ந்த ஐந்து பேர் கூட்டம். இந்தக் கூட்டம் எப்படி அடக்குகிறது என்பதில் நெடுநாள் விவாதம் இருந்தது. ஹிஸ்டோன்களில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் என்ற சிறு வேதிக் குறிகளைக் கழற்றும் நொதிகளை அழைத்து வந்து கண்டுகளை இறுக்குகிறது என்பது ஒரு விளக்கம். 2011-இல் கூன் ஹோ வோங், கெவின் ஸ்ட்ரூல் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். தன்னை அழைத்து வந்த புரதத்தின் தூண்டும் பகுதியையே இந்தக் கூட்டம் மூடி மறைக்கிறது, அதுதான் முக்கியமான காரணம் என்று. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. எனக்கு இரண்டாவது விளக்கம் பிடிக்கும், ஏனென்றால் டப்-1 விலகியதும் மரபணு எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்பதை அது நன்றாக விளக்குகிறது.

இப்போது குளுக்கோஸ் குறைகிறது. ஸ்னிஃப்-1 என்ற கைனேஸ், அதாவது பாஸ்பேட் ஒட்டும் நொதி, விழித்துக்கொள்கிறது. இதுவும் தனி ஆள் இல்லை. கூடவே ஸ்னிஃப்-4, அப்புறம் கூட்டை எந்த இடத்துக்கு அனுப்புவது என்று பார்க்கும் மூன்றாவது புரதம் ஒன்று. ஸ்னிஃப்-1 போய் மிக்-1 மேல் பாஸ்பேட் ஒட்டுகிறது, மிக்-1 உட்கருவை விட்டே வெளியேறுகிறது. நம் உடம்பிலும் ஸ்னிஃப்-1-இன் நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. பெயர் ஏஎம்பிகே, சத்துக் குறைவைக் கண்டுபிடிப்பதுதான் அங்கேயும் அதன் வேலை. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை வேலை செய்யும் வழிகளில் ஒன்று இதன் ஊடாகப் போகிறது. பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கும் தீவில் வாழ்கிறோம். ஈஸ்ட்டைப் படிப்பது எங்கோ இருக்கும் விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பூட்டு போட்டவர் போய்விட்டார், ஆனால் பூட்டு அங்கேயே இருக்கிறது. சக்-2 புரோமோட்டர் மேல் கண்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை நகர்த்த வருவதுதான் ஸ்விட்ச்-ஸ்னிஃப்.

இந்தப் பெயர் ஏன் இரட்டைப் பெயராக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1981-இல் மரியன் கார்ல்சன், டேவிட் பாட்ஸ்டீன் குழுவினர் ஒரு எளிய தேடலை ஆரம்பித்தார்கள்: சுக்ரோஸை நொதிக்க முடியாத ஈஸ்ட் எது? ஆய்வுக்கூடத்தில் இது எப்படி இருக்கும் என்றால், சுக்ரோஸ் கலந்த தட்டில் ஈஸ்ட்டைத் தொட்டு வைத்து, ஆக்சிஜன் இல்லாத ஜாடியில் போட்டு, 30 டிகிரி சூட்டில் வைத்துவிட்டுப் போவீர்கள். சில நாள் கழித்து ஜாடியைத் திறந்தால் ரொட்டிக் கடையின் மணம் வரும். நல்ல ஈஸ்ட் வைத்த இடத்தில் கெட்டித் தயிர்த் துளி போல வெள்ளையாக ஒரு பொட்டு நிற்கும். பழுதான ஈஸ்ட் வைத்த இடத்தில் தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு ஒரு மங்கல். இப்படிக் கிடைத்த பழுதுகளுக்கு 'சுக்ரோஸை நொதிக்காதவை' என்ற பொருளில் ஸ்னிஃப் என்று பெயர் வைத்தார்கள். மேலே வந்த ஸ்னிஃப்-1-இன் பெயரும் இதிலிருந்துதான்.

அதே காலத்தில் ஐரா ஹெர்ஸ்கோவிட்ஸின் குழு சம்பந்தமே இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. ஈஸ்ட்டில் இரண்டு பால்கள் உண்டு, ஒரு செல் பால் மாறவும் முடியும். அந்த மாற்றத்துக்குத் தேவையான எச்ஓ என்ற மரபணு ஓடாத பழுதுகளை அவர்கள் எடுத்து, ஸ்விட்ச் என்று பெயரிட்டார்கள். பிறகு ஒப்பிட்டால் ஸ்விட்ச்-2 மரபணுவும் ஸ்னிஃப்-2 மரபணுவும் ஒன்றே. சர்க்கரைக்கும் பால் மாற்றத்துக்கும் பொதுவாக ஏதோ ஒரு இயந்திரம் இருக்கிறது என்று அப்போதுதான் புலப்பட்டது.

அது என்ன இயந்திரம்? இதற்கு விடை சொன்ன சோதனை மிக அழகானது. ஸ்னிஃப்-2 இல்லாத ஈஸ்ட் சுக்ரோஸில் வளராது. அதே ஈஸ்ட்டில் ஹிஸ்டோன் மரபணு ஜோடி ஒன்றையும் சேர்த்து நீக்கினால் வளர ஆரம்பித்துவிடுகிறது. 1992-இல் ஃப்ரெட் வின்ஸ்டன் குழு காட்டியது இது. ஒரு பழுதோடு இன்னொரு பழுதைச் சேர்த்தால் நோய் தீர்கிறது. கண்டுகளே குறைந்துவிட்டால், கண்டை நகர்த்தும் ஆள் இல்லாமலும் சமாளிக்கலாம் அல்லவா? ஸ்விட்ச்-ஸ்னிஃப் எதிர்த்துப் போராடுவது நியூக்ளியோசோமோடுதான் என்று எந்த நுண்ணோக்கியும் இல்லாமல், தட்டும் ஈஸ்ட்டும் வைத்தே கண்டுகொண்டார்கள். புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து நேரில் காட்டியது 1994-இல்.

அதன் அமைப்பு இன்று நன்றாகத் தெரியும். 12 வகைப் புரதங்கள். 2020-இல் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படத்தில் அது நியூக்ளியோசோமை இரண்டு பக்கமும் இடுக்கி போலப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் இருக்கும் ஸ்னிஃப்-2-தான் மோட்டார். செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்து டிஎன்ஏயை ஓரிரண்டு எழுத்தாக இழுத்து உருளை மேல் நகர்த்தும். இழுத்துக்கொண்டே போனால் கண்டு சறுக்கும், சில சமயம் கழன்றே போகும். மீதிப் பதினொன்றும் மோட்டாரை நிலையாகப் பிடிக்கவும், எந்த மரபணுவுக்குப் போவது என்று அறியவும் இருக்கின்றன. மனிதப் புற்றுக்கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தக் கூட்டமைப்பின் ஏதோ ஒரு மரபணு பழுதாகியிருக்கிறது. சர்க்கரைத் தட்டில் ஆரம்பித்த தேடல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

சாகா வேறு வகை. அது எதையும் இழுக்காது, குறி போடும். 19 புரதங்கள், எடை சுமார் 18 லட்சம் டால்டன். அதில் ஜிசிஎன்-5 என்ற நொதி ஹிஸ்டோனின் வாலில் அசிட்டைல் குறி ஒட்டுகிறது. இது அசிட்டைல் ஒட்டும் நொதி என்று 1996-இல் டேவிட் ஆலிஸ் குழு கண்டறிந்தபோதுதான், குரோமாட்டினும் (ஹிஸ்டோனில் சுற்றிய டிஎன்ஏவும்) மரபணு ஓடுவதும் நேரடியாகக் கோத்துக்கொண்டன. அசிட்டைல் குறிக்கு இரண்டு பயன். வாலின் நேர்மின்னூட்டம் குறைவதால் கண்டு கொஞ்சம் தளர்கிறது. அதைவிட முக்கியம், ஸ்விட்ச்-ஸ்னிஃபின் மோட்டாரில் அசிட்டைல் குறியைப் பிடிக்கவென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஒருவர் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் போட, இன்னொருவர் அந்த அடையாளம் பார்த்து வேலை செய்கிறார்.

சாகாவின் இன்னொரு கை யுபிக்விட்டின் என்ற வேறொரு குறியைக் கழற்றும். சாகாவிலேயே இருக்கும் ட்ரா-1 என்ற 3,700 அமினோ அமிலங்களுக்கும் நீளமான ராட்சதப் புரதம், டிஎன்ஏ மேல் உட்கார்ந்து மரபணுவை ஓடச் சொல்லும் தூண்டிப் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். 2020-இல் வெளிவந்த சாகா படங்களில் என்னை நிறுத்திவைத்தது அதன் மையம். அங்கே இருக்கும் புரதங்கள் மடிந்து சேர்ந்திருக்கும் விதம் ஹிஸ்டோன் உருளையைப் போலவே இருக்கிறது. பூட்டைத் திறக்க வரும் ஆளின் நெஞ்சில் பூட்டின் உருவமே இருக்கிறது. குறி போடும் கைகள் இரண்டும் அந்தப் படங்களில் மங்கலாகத்தான் தெரிகின்றன, ஏனென்றால் அவை நிலையாக இல்லாமல் ஆடிக்கொண்டே இருக்கின்றன. எட்டிய இடத்தில் குறி போட அந்த ஆட்டம் வேண்டும்.

சாகா செய்யும் இன்னொரு வேலை, டிபிபி என்ற சேணம் போன்ற புரதத்தைப் புரோமோட்டரில் இறக்கிவைப்பது. டிபிபி உட்கார்ந்ததும் டிஎன்ஏ ஏறக்குறைய செங்கோணத்துக்கு வளைந்துவிடும். அந்த வளைவுதான் பாலிமரேஸ் வந்து சேர வேண்டிய இடத்துக்கு அடையாளம். டிஎஃப்-டூ-டி என்ற இன்னொரு கூட்டமைப்பு செய்வதும் இதையேதான், அதனால் பாடத்தில் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஐந்து புரதங்கள் இரண்டிலும் பொது. பழைய பாடங்களில் 90 சதவீத மரபணுக்கள் டிஎஃப்-டூ-டியை நம்பியவை, 10 சதவீதம் சாகாவை நம்பியவை என்று இருக்கும். 2017-இல் வந்த ஆய்வுகள் இந்தப் பிரிவு அவ்வளவு கறாரானது அல்ல, ஏறக்குறைய எல்லா மரபணுவும் இரண்டையும் பயன்படுத்துகிறது என்று காட்டின. தேர்வில் எதை எழுதுவது என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மை இதுதான்.

கடைசியாக மீடியேட்டர். இதுவரை சொன்னவை எல்லாம் இடத்தைத் தயார் செய்பவை. மீடியேட்டர் செய்தி கொண்டுபோகும் ஆள். எல்லாம் சேர்த்து 25 புரதங்கள்: தலை, நடு, வால் என்று மூன்று பகுதி, அப்புறம் தேவைக்கு வந்து ஒட்டிக்கொண்டு போகும் நான்கு புரதக் கைனேஸ் பகுதி. வால் தூரத்தில் இருக்கும் தூண்டிப் புரதத்தைப் பிடிக்கும், தலையும் நடுவும் ஆர்என்ஏ பாலிமரேஸைப் பிடிக்கும். திருமணப் பேச்சில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடக்கும் பெரியவர் மாதிரி, இரண்டு பக்கத்தின் மொழியும் இதற்குத் தெரியும். இதை ஈஸ்ட்டில் முதலில் கண்டவர் ரோஜர் கார்ன்பெர்க். 12 புரதங்கள் கொண்ட பாலிமரேஸ்-2-இன் உருவத்தை அணு அளவில் காட்டியதற்காக 2006-இல் வேதியியல் நோபல் பரிசும் பெற்றார். பாலிமரேஸுக்கு ஒரு நீண்ட வால் உண்டு, ஏழு அமினோ அமில வரிசை ஈஸ்ட்டில் 26 தடவை திரும்பத் திரும்ப வரும். அந்த வாலில் பாஸ்பேட் ஏறியதும் மீடியேட்டரின் பிடி விட்டுப்போகிறது, பாலிமரேஸ் கிளம்பிப் படியெடுக்க ஓடுகிறது.

மீடியேட்டரின் கைனேஸ் பகுதியிலும் நம் சர்க்கரைத் தட்டு வந்து நிற்கிறது. ஸ்னிஃப்-1 பழுதான ஈஸ்ட்டை மீண்டும் சுக்ரோஸில் வளரவைக்கும் இரண்டாவது பழுதுகளைக் கார்ல்சன் குழு தேடியது. அப்படிக் கிடைத்தவைதான் மிக்-1-உம், சைக்-8-உம், மீடியேட்டரின் கைனேஸ் பகுதியின் நான்கு புரதங்களும். கரும்புச் சர்க்கரையைத் தின்ன முடிகிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டே இவ்வளவையும் பிடித்தார்கள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். பாலிமரேஸ் 12, அதை இடத்தில் உட்காரவைக்கும் உதவிக் காரணிகள் (டிஎஃப்-டூ-டி அதில் ஒன்று) ஆறு வகையிலும் சேர்த்து 33, மீடியேட்டர் 25, ஆக 70. சாகா 19, ஸ்விட்ச்-ஸ்னிஃப் 12 சேர்த்தால் 101. பொதுவானவற்றைக் கழித்தாலும் நூற்றை ஒட்டி வரும். பாக்டீரியா இதே வேலையை ஐந்தாறு வகைப் புரதத்தில் முடிக்கிறது. ஒரே புரதம் ஏன் எல்லாவற்றையும் செய்யக்கூடாது? செய்யலாம், ஆனால் அது ஒரு மரபணுவுக்குத்தான் உதவும். கண்டு நகர்த்துவது, குறி போடுவது, செய்தி சொல்வது என்று வேலைகளைப் பிரித்துவைத்தால், அதே ஆட்களை 6,000 மரபணுக்களுக்கும் வெவ்வேறு வரிசையில் கூப்பிடலாம். எச்ஓ மரபணுவில் ஸ்விட்ச்-ஸ்னிஃப் முதலில், சாகா பிறகு என்று 1999-இல் அளந்தார்கள். வேறு மரபணுக்களில் சாகா குறி போட்ட பிறகுதான் ஸ்விட்ச்-ஸ்னிஃப் ஊன்றி நிற்கிறது. பாடப்புத்தகப் படத்தில் அம்புக்குறி ஒரே வரிசையில் போவதை எல்லா மரபணுவுக்கும் பொது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் என்ன பார்க்கலாம்? கூட்டமைப்புகளைப் பார்க்க முடியாது, அவை செய்யவைத்த இன்வர்டேஸைப் பார்க்கலாம். ரொட்டிக்குப் போடும் உலர் ஈஸ்ட் ஒரு சிட்டிகையை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பாதியைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். மூன்று சோதனைக் குழாயிலும் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, ஒன்றில் எதுவும் போடாமல், ஒன்றில் ஈஸ்ட், ஒன்றில் கொதித்த ஈஸ்ட் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு பள்ளி ஆய்வுக்கூடத்தில் பெனடிக்ட் கரைசல் (குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இருந்தால் நிறம் மாறும், சுக்ரோஸுக்கு மாறாது) சேர்த்துச் சுடுநீரில் வைத்தால், உயிருள்ள ஈஸ்ட் போட்ட குழாயில் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வரும். மற்ற இரண்டும் நீலத்திலேயே நிற்க வேண்டும். வெள்ளைச் சர்க்கரைதான் எடுக்க வேண்டும். இங்கே கடையில் கிடைக்கும் பழுப்புச் சர்க்கரையில் ஏற்கெனவே கொஞ்சம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இருக்கும், ஈஸ்ட் போடாத குழாயும் நிறம் மாறி உங்களைக் குழப்பிவிடும்.